டிரைவரைச் சுமந்து வரும் யு.எஸ்.பி. கருவி

கேள்வி: நாங்கள் தயாரிக்கும் யு.எஸ்.பி. கருவிக்குள்ளேயே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்குமான டிரைவர்களை வைத்துவிடலாமா?

பதில்: வைக்கலாம். பழைய 3ஜி டாங்கிள்கள் அப்படித்தான் வந்தன. செருகியதும் சி.டி. டிரைவாகத் தெரியும், அதிலிருந்து டிரைவரை நிறுவியபின், கணினி அனுப்பும் கட்டளையால் மோடமாக மாறும். லினக்ஸில் இந்த மாற்றத்துக்கென்றே 'யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்ற மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. மேலும், இயங்குதளம் புதிதாகும்போது கருவிக்குள் இருக்கும் டிரைவர் பழையதாகிவிடும். வைரஸ் பரவியதால், பென்டிரைவில் நிரல் தானாக இயங்குவதை விண்டோஸ் 7 நிறுத்திவிட்டது.

ஆகவே விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்கான எச்.ஐ.டி., சீரியல் தொடர்புக்கான சி.டி.சி. போன்ற பொது வகுப்புகளில் கருவியை வடிவமையுங்கள். அவற்றுக்கான டிரைவர் விண்டோஸ் 10, மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏற்கெனவே உண்டு. பொது வகுப்பில் அடங்காத கருவிக்கு மட்டும் தனி டிரைவர் எழுதுங்கள்.