நீச்சல் குளத்துக்குத் தனி ஆள் உண்டா? சேரும்போதே கேளுங்கள்

மரக்காணம் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், புதுச்சேரியின் வட எல்லையில் இருக்கும் ஊர் கனகசெட்டிக்குளம். இந்த வட்டாரத்து ரிசார்ட்டிலோ கெஸ்ட் ஹவுஸிலோ மேனேஜராகச் சேரப்போகிறீர்களா? சம்பளம் பேசி முடித்த கையோடு, நீச்சல் குளத்துக்குத் தனி லைஃப்கார்டு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேட்கச் சொல்வதற்குக் காரணம் கோவளத்தில் நடந்தது. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சமுத்ரா ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர் அங்குள்ள குளத்தில் மூழ்கி இறந்தார். லைஃப்கார்டு இருந்தார், ஆனால் அவருக்கே பார் வேலையும் கொடுத்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குளத்தைக் கவனிக்க வேண்டியவரிடம் பார் வேலையையும் ஒப்படைத்ததே கடமை தவறியதுதான் என்றது. சனிக்கிழமை கூட்டம் நெரியும்போது "கொஞ்சம் அந்த டேபிளையும் பார்த்துக்கப்பா" என்று மேனேஜர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் இடத்துக்கு வருபவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்வதற்கென்றே இங்கிலாந்தில் 1957-ல் சட்டம் வந்தது. இங்கே தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் நுகர்வோர் சட்டமும்தான் வழிகாட்டுகின்றன. இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, அவர் முறையாக உள்ளே வருபவர்களின் பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுத்தாக வேண்டும். நிலம் வேறொருவர் பெயரில் இருக்கிறது, நாங்கள் லீசுக்குத்தான் எடுத்திருக்கிறோம் என்று கைகழுவ முடியாது. அறை எடுத்தவர் மட்டுமல்ல, சிலிண்டர் கொண்டுவருபவரும் ஏசி மெக்கானிக்கும்கூட முறையாக வருபவர்கள்தான்.

"பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற போர்டை நம்பி இருந்துவிடாதீர்கள். டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் சாவியை வாங்கி நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், சீட்டில் அப்படி அச்சடித்திருந்தும் ஹோட்டலே பொறுப்பு என்று அதே 2019-ல் தீர்ப்பானது. காருக்கே இப்படியென்றால் உயிருக்கு?

மேனேஜர் தனியாகக் கவலைப்படவும் காரணம் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆரில் முதலாளி பெயரோடு உங்கள் பெயரும் ஏறலாம். அதனால் குறை கண்டால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்புங்கள்.

கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது மாடிக் கைப்பிடியை. உப்புக்காற்று பட்டு, பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில், சிமென்ட்டோடு சேரும் இடத்தில், துரு அரித்திருக்கும். ஒவ்வொரு கம்பியையும் கையால் உலுக்கிப் பாருங்கள். ஆடினால் அந்த பால்கனி அறையை அன்றைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். அவசர வழியில் மெத்தையும் நாற்காலியும் அடுக்க விடாதீர்கள். 1997-ல் டெல்லி உபஹார் தியேட்டர் தீயில் 59 பேர் செத்ததற்கு, வெளியேறும் வழியை அடைத்துப் போட்டிருந்த கூடுதல் இருக்கைகளும் ஒரு காரணம்.

மீறி விபத்து நடந்தால் முதலில் 108. பிறகு சிசிடிவி பதிவைத் தனியாக நகலெடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பழைய பதிவு மேல் புதியது ஏற அவ்வளவு நாள் ஆகாது.