ஆயாவின் கைப்பக்குவமும் ஒரு முதல்தான்



தொழில் தொடங்கலாம்னு குழுவில் பேச்சு வந்தாலே முதல் கேள்வி, "என்ன பயிற்சி தருவாங்க?" என்பதுதான். மெழுகுவத்தி, ஊதுபத்தி, பினாயில், தையல் என்று பல குழுக்கள் பயிற்சி எடுத்தன. சான்றிதழ் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. பல இடங்களில் தொழில்தான் இல்லை. காரணம் ரொம்பச் சின்னது. அந்தப் பொருளை நம்மைவிட மலிவாகக் கம்பெனிக்காரன் செய்கிறான். அவனால் செய்ய முடியாத வேலை எது, அது நம்ம வீட்டில் யாருக்குத் தெரியும் என்பதுதான் இந்த இதழின் பாடம்.

ஆலங்காயத்தில் இருந்து மேலே ஏறினால் ஜவ்வாது மலை. மலைமேல் சாமை விளைகிறது, புளி இருக்கிறது, தேன், பலா, சீத்தா எல்லாம் இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி மூட்டையாகக் கட்டி அப்படியே கீழே இறங்கிப் போகிறது. வியாபாரி சொல்கிற விலைதான் விலை. அதே சாமை, டவுனில் ஒரு கிலோ பாக்கெட்டாகக் கடையில் நிற்கும்போது விலை எங்கேயோ இருக்கிறது. நடுவில் நடந்தது என்ன? உமி நீக்கினார்கள், கல் பொறுக்கினார்கள், கவரில் போட்டார்கள். அந்த வேலை நம்ம ஆயாவுக்குத் தெரியாத வேலையா?

சாமையின் உமி லேசில் போகாது. காய்ச்சல் பதம் பார்த்து, திரிகையில் இட்டோ உரலில் குத்தியோ, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்கணும். அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கும். ஈரம் இருந்தால் உமி ஒட்டிக்கொள்ளும். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று சொல்கிற ஆள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் குழுவிலேயே எண்ணிப் பாருங்கள். அறுபது வயதுக்கு மேல் எத்தனை பேருக்கு இது தெரியும், முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டாவது எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால், உங்கள் ஊரின் முதல் ஒன்று பத்து வருஷத்தில் கரைந்து போகும் என்று அர்த்தம். பேங்கில் போட்ட பணம் என்றால் இப்படி விடுவோமா?

இளையவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. மணிக்கணக்காக உலக்கை பிடிக்கிற வேலையை யாரும் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. ரேஷன் அரிசி வந்ததும் உரல் ஓரம் போனது. கொல்லிமலையில் மரவள்ளியும் சேர்ந்து வந்து சாமை நிலத்தைச் சுருக்கியது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறிய அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்து, மகளிர் குழுக்களிடம் கொடுத்து, சாமை, கேழ்வரகில் மாவும் தின்பண்டமும் செய்யப் பழக்கியது. இடுப்பொடிக்கிற வேலையை இயந்திரம் செய்யட்டும். பதம் பார்ப்பது, பக்குவமாக ஆக்குவது, ருசி கூட்டுவது, இதெல்லாம் மனுஷி கையில் இருக்கட்டும். குத்துகிற கஷ்டத்தையும் சேர்த்துக் காப்பாற்றணும்னு சொன்னால் எந்தப் பெண்ணும் வரமாட்டாள், வரவும் வேண்டாம்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர் 1990களின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சின்ன மருத்துவமனை ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களும் இருக்கிறார்கள். லம்பாடிப் பெண்களின் பாவாடை, ரவிக்கையில் கண்ணாடியும் நூலும் சேர்த்துச் செய்கிற தையல் வேலையைத் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். உடுப்பு மாறியதும் அந்த வேலையும் நின்றுபோனது. தேடிப் பார்த்தபோது, முழுசாகத் தெரிந்தவர்கள் என்று வயதான இரண்டு பெண்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். அந்த இருவரும் இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2000களில் அது 'போர்கை' என்ற பெயரில் ஒரு தொழிலாக வளர்ந்தது. லம்பாடி பேச்சில் போர்கை என்றால் பெருமை. இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தத் தையலில் சம்பாதிக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தே செய்கிறார்கள், ஊரைவிட்டுப் பிழைக்கப் போக வேண்டியதில்லை. அதே பள்ளத்தாக்கில் 2004 முதல் இயற்கை விவசாயிகள் சங்கமும் இருக்கிறது. அங்கே விளைந்த சிறுதானியத்தை மாவாகவும் பிஸ்கட்டாகவும் ஆக்கி விற்கிறவர்கள் மகளிர் குழுவினர்தான். இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருந்த நிலையில் தொடங்கினார்கள் என்பதை மறக்காதீர்கள். நம்ம மலையில் சாமை தெரிந்தவர்கள் இன்னும் அதைவிட அதிகம்.

சரி, ஆயாவின் பக்குவத்தைத் தொழிலாக மாற்றுவது எப்படி?

முதல் வேலை அளவு. ஆயாவைக் கேட்டால் "ஒரு கை உப்பு, கண்ணளவு தண்ணி" என்பார். வீட்டுக்கு அது போதும். கடைக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே ருசியாக இருக்கணும். அதனால் ஆயா அடுப்படியில் நிற்கும்போது ஒரு தங்கை தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். ஆயா கையில் எடுத்ததை எல்லாம் பாத்திரத்தில் போடும் முன்னே எடை போடணும். ஆயா திட்டுவார். பரவாயில்லை. மூன்று முறை செய்தால் கணக்கு பிடிபடும். இளைய பெண் தனியாக ஒருமுறை செய்து, அதை ஆயா சாப்பிட்டு "ஆமாம்டி" என்றால்தான் பாடம் முடிந்தது.

லிஜ்ஜத் பப்படம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் அதில் பலர் கவனிக்காத இடங்கள் உண்டு. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலு பாக்கெட். இன்று 45,000 சகோதரிகள் அளவுக்கு வளர்ந்த அமைப்பு. தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் சொல்ல வந்தது வேறு. மாவை அவரவர் வீட்டில் பிசைவதில்லை. கிளையில் ஒரே அளவில் பிசைந்து கொடுப்பார்கள். சகோதரிகள் வீட்டுக்கு எடுத்துப் போய் உருட்டி, காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து எடை போட்டுக் கூலி வாங்குவார்கள். ருசி ஓர் இடத்தில், உழைப்பு அவரவர் வீட்டில். பிள்ளைகளையும் ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டே வேலை செய்யணும் என்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா?

இன்னொன்று. முதல் வருஷம் மழைக்காலம் வந்ததும் அவர்களால் அப்பளம் காயவைக்க முடியவில்லை, நாலு மாதம் வேலை நின்றது. அடுத்த மழைக்கு ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். அப்பளம் கட்டில் மேல், ஸ்டவ் கட்டிலுக்குக் கீழே! மலையில் ஐப்பசி கார்த்திகை மழையில் வடகம் போட முடியாமல் தவிக்கிற நமக்கு இந்த யோசனை புரியும். தீ விஷயத்தில் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.

இரண்டாவது, கூலிக் கணக்கு. இங்கேதான் நம்ம பெண்கள் ஏமாறுகிறார்கள், அதுவும் அடுத்தவன் ஏமாற்றி இல்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் ஒரு நாள் உட்கார்ந்து சாமை முறுக்கு ஏழரை கிலோ சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு, எண்ணெய், மற்ற சாமான் 1,150 ரூபாய். கேஸ் 150, கவர் 100, பஸ் செலவு 50. மொத்தம் 1,450. கிலோ 220 என்று விற்றால் 1,650 ரூபாய் வரும். "இருநூறு ரூபாய் லாபம்க்கா" என்று சந்தோஷமாகச் சொல்வோம். இரண்டு பேருடைய ஒரு நாள் உழைப்புக்கு ஆளுக்கு நூறு ரூபாய்! கூலிக்குப் போயிருந்தால் 300 கிடைத்திருக்கும் என்று வைத்தால், செலவு 1,450 இல்லை, 2,050. அப்போது அடக்கவிலையே கிலோவுக்கு 273 ரூபாய் ஆகிவிடுகிறது. 220க்கு விற்றது லாபமே இல்லை, கைக்காசு போன வியாபாரம். வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்று பழகிப்போன கை, முறுக்குப் பிழியும்போதும் கூலியை மறந்துவிடுகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை எழுதுங்கள். விலை கட்டவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறு பொருளைப் பாருங்கள்.

சாமையை இருப்பு வைக்கும்போது உமியோடு வையுங்கள். உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. குத்திய பிறகு தவிட்டில் இருக்கிற எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், மாவாக்கினால் அதைவிடச் சீக்கிரம். ஆர்டர் வந்த பிறகு குத்துவதே நல்லது. நூறு கிலோ சாமைக்கு அறுபதில் இருந்து எழுபது கிலோ அரிசிதான் தேறும், அதையும் விலையில் சேருங்கள்.

விற்கும்முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பாக்கெட்டில் போடணும். பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிடணும், குழுவின் முகவரி எல்லாம் வேண்டும். "சர்க்கரை வியாதி குணமாகும்" என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். உணவுப் பொருளில் நோய் தீரும் என்று எழுதுவது சட்டப்படி தப்பு. நார்ச்சத்து உள்ள தானியம் என்று சொன்னால் போதும், அது உண்மை. திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. 2019இல் ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்துதான் வந்தது. விதை, அரவை சம்பந்தமான சந்தேகத்தை அங்கே கேட்கலாம்.

மூன்றாவது, பொருளை விற்பதோடு பக்குவத்தையே விற்பது. சொல்லிக் கொடுப்பதும் ஒரு தொழில். காவலூர் வானாய்வகம் பார்க்க வருகிறவர்கள் ஆலங்காயம் வழியாகத்தானே மலையேறுகிறார்கள்? ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கும் ஜனங்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கிப் போடலாம். ஆசைப்படுகிறவர்களுக்கு முறம் புடைக்கவும், களி கிண்டவும் சொல்லித் தரலாம், அதற்குத் தனிக் கட்டணம். கேரளாவில் அட்டப்பாடி பழங்குடிப் பெண்களின் குடும்பஸ்ரீ குழு, 'வனசுந்தரி' என்ற மலைக்கோழிச் சமையலை 2023 நவம்பரில் திருவனந்தபுரம் கேரளீயம் விழாவில் விற்றார்கள். மலைத் தழைகளும் பச்சை மிளகாயும் அரைத்த பச்சை மசாலா. கடையில் கூட்டம் நின்றது. ஓட்டல் மசாலாவைப் போட்டிருந்தால் யார் நின்றிருப்பார்கள்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவ மக்கள் இருக்கிறார்கள். கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். ஊர் மின்சாரத்தை வீட்டுக்கு இழுப்பதில்லை. அந்தப் பெண்கள் வீட்டில் சுட்ட ரொட்டி, பழக்கூழ், ஊறுகாய், துண்டுத் துணி சேர்த்துத் தைத்த போர்வை எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே கடை போட்டு விற்கிறார்கள். சில வீடுகளில் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடும் போடுகிறார்கள். தூரத்தில் இருந்தெல்லாம் வந்து வாங்குகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை என்று போர்டே வைத்திருப்பார்கள். எத்தனை பேர் வந்தாலும் இல்லைதான். எனக்குப் பிடித்தது அந்த போர்டு. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். சாமிக்குப் படைக்கிற சோற்றை விற்பதா? பண்டிகை நாளில் வெளியாள் அடுப்படிக்குள் வந்து போட்டோ எடுப்பதா? விதைக்கு வைத்த சாமையை நல்ல விலை வந்தால் கொடுத்துவிடுவதா? பணம் கையில் நீட்டப்படும்போது யோசிப்பதைவிட, முன்கூட்டியே கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

அதே நோட்டில் இன்னொரு வரியும் எழுதணும். பக்குவம் சொல்லிக் கொடுத்த ஆயாவுக்குப் பங்கு எவ்வளவு? அவருக்கு வயதாகிவிட்டது, குழுவில்கூட உறுப்பினராக இல்லாமல் இருக்கலாம். அவர் வாயில் இருந்து வந்ததை வைத்து நாம் சம்பாதித்து, அவருக்கு ஒரு வாய் காபித் தண்ணியோடு நன்றி சொல்லி முடித்துவிட்டால் அது நியாயமில்லை. பயிற்சி நாளுக்கு முழுக் கூலி, பொருள் விற்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதிவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஊரில் சாமை, கேழ்வரகு, புளி வேலை நன்றாகத் தெரிந்த ஒரு மூத்தவரைக் கூப்பிடுங்கள். தராசு, நோட்டு, இரண்டு படி சாமை தயாராக இருக்கட்டும். அவர் செய்ததை எடையோடு எழுதி, செலவுக் கணக்கும் போட்டு, ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் எடுத்துக்கொள்வோம்.