நூலுக்கு உறை இடும் முறை

வெயிலும் மழையும் தாக்காதிருக்க வீட்டிற்குக் கூரை வேய்கின்றோம். உடலைக் காக்க உடை உடுத்துகின்றோம். நமக்கு அறிவூட்டும் நூலுக்கு மட்டும் காப்பு வேண்டாவா? வேண்டும். ஆயினும், உறை இட்டுவிட்டதனால் மட்டும் நூல் நெடுநாள் வாழ்ந்துவிடாது. முறை அறியாது இட்ட உறையே நூலுக்குப் பகையாவதும் உண்டு. ஆகவே, பிளாஸ்டிக் தாளைக் கையாண்டு நூலுக்கு உறை இடும் முறையினை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்து பயன்பெறும் வண்ணம் இக்கட்டுரையில் காண்போம்.

நூல் யாருடையது?

மலேசியாவில் பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கென முதலில் ஏற்பட்ட இத்திட்டம், 2008ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர் அனைவருக்கும் உரியதாயிற்று. தோட்டங்களில் பாடுபட்ட பெற்றோர் பலருக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் நூல் வாங்குவது பெருஞ்சுமையாய் இருந்தது. அச்சுமையை இறக்கி வைத்தது இத்திட்டமே.

இரவல் என்னும் சொல்லிலேயே நம் கடமையும் அடங்கியிருக்கின்றது. நம் கைக்கு வந்த நூல் நம்முடையதன்று. பள்ளிக்குத் திரும்பிச் செல்ல வேண்டியது. அடுத்த ஆண்டில் நம் தம்பியோ தங்கையோ, பக்கத்து லயத்துப் பிள்ளையோ, நாம் பெயரும் அறியாத ஒரு மாணவரோ அதே நூலைத் திறந்து படிக்கவிருக்கின்றார். இன்று நம் கையில் கிழியும் ஏடு, நாளை அவர் கற்க வேண்டிய பாடம்.

இதனால், உறை இடுவதற்குரிய முதல் விதி விளங்கும். உறை உறையோடு ஒட்டலாம், நூலோடு ஒட்டலாகாது. வேண்டும்போது, நூலுக்குச் சிறு ஊறும் நேராமல் கழற்றக்கூடிய உறையே நல்ல உறை.

நூலின் பகைவர் யாவர்?

தாள் மரம் முதலியவற்றின் நாரினால் ஆனது. அந்நார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் நாட்டுக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் மிகுதி. ஈரம் தங்கிய தாளில் பூஞ்சணம் பூக்கும். ஏடு அலைபோல் நெளியும். இராமபாணம் எனப்படும் சிறு பூச்சி தாளையும் பசையையும் அரித்துத் தின்னும். இவை போதாவென்று, கைவியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் புத்தகப்பையின் உராய்வும் மேலட்டையைச் சிதைக்கின்றன.

பிளாஸ்டிக் உறை வெளியிலிருந்து வரும் நீரையும் அழுக்கையும் தடுக்கும். ஆனால், உள்ளே முன்னரே தங்கிய ஈரத்தையும் அது வெளியேற விடாது. ஆகையால், நனைந்த நூலுக்கு உடனே உறை இடுதல் கூடாது. ஏடுகளுக்கு இடையிடையே உறிஞ்சும் தாளை வைத்து, நிழலில் காற்றாட உலர்த்துதல் வேண்டும். வெயிலில் காயவைத்தால் தாள் மஞ்சளாகும், அட்டையும் வளைந்துவிடும்.

எத்தாள் ஏற்றது?

கடைகளில் கிடைக்கும் உறைத்தாள்களில் பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பி.வி.சி. ஆகிய மூன்றும் பெரிதும் வழங்குகின்றன. இவற்றுள் பாலித்தீன், 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறோர் ஆய்வினைச் செய்துகொண்டிருந்த அறிஞர்கள் எதிர்பாராது கண்ட பொருளாகும். மென்மையான பி.வி.சி. தாளில், அதனை வளையச் செய்வதற்கென எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பர். நாளடைவில் அது மெல்லக் கசிந்து அச்சுமையை இளக்கும். அட்டையிலுள்ள எழுத்தும் படமும் உறையில் ஒட்டிக்கொண்டு வருவதற்கு இதுவே காரணம். மற்ற இரண்டிலும் இக்குறை இல்லை.

எது எத்தாள் எனக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்து நீரில் சவர்க்காரம் ஒரு துளி கலந்து, தாளின் சிறு துண்டினை அதில் முழுவதும் அமிழ்த்திக் காற்றுக் குமிழிகள் நீங்குமாறு தேய்த்து விட்டுவிடுங்கள். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் நீரினும் இலேசானவை. ஆகையால், அவை மேலெழுந்து மிதக்கும். பி.வி.சி. நீரினும் கனமானது, அது அடியில் தங்கும். மென்மையாகவும் இருந்து நீரிலும் மூழ்கும் தாளை நூலுக்கு இடாமல் விலக்குக.

அளவெடுத்தல்

30 சென்டிமீட்டர் உயரமும் 21 சென்டிமீட்டர் அகலமும் 1 சென்டிமீட்டர் கனமும் உள்ள நூல் ஒன்றனை எடுத்துக்கொள்வோம். முன்னட்டை 21, முதுகு 1, பின்னட்டை 21. இரு பக்க மடிப்புக்கும் ஐந்தைந்தாக 10. ஆகத் தாளின் நீளம் 53 சென்டிமீட்டர். உயரம் 30, மேலும் கீழும் மடிக்க மும்மூன்றாக 6. ஆக 36 சென்டிமீட்டர். அளந்த பின்னரே கத்தரிக்கோலை எடுத்தல் வேண்டும். ஒருமுறைக்கு இருமுறை அளப்பவர்க்குத் தாள் வீணாவதில்லை.

உறை இடுதல்

1. மேசையைத் துடைத்துக் கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்க. பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது அதில் மின்னூட்டம் தோன்றித் தூசியை ஈர்க்கும். எனவே, தாளைச் சற்றே ஈரமான துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுக.

2. தாளை விரித்து, மூடிய நூலின் முதுகு அதன் நடுவே அமையுமாறு வைத்துச் சுற்றிப் பார்க்க. முதுகு வருமிடத்தில் மேலும் கீழும் உள்ள மிகுதியை வெட்டி நீக்குக. அவ்வாறு செய்யாவிடில், தாள் முதுகில் மடிந்து திரளும்.

3. மேலும் கீழும் உள்ள பகுதிகளை முதலில் உட்புறமாக மடிக்க. பின்னர், பக்கவாட்டுப் பகுதிகளை அட்டைக்குள் செலுத்தி மடிக்க. பக்க மடிப்பின் அளவை முடிவு செய்யும்போது நூல் மூடியே இருத்தல் வேண்டும். ஏனெனில், நூலை மூடும்போது முதுகின் கனத்தையும் சுற்றி வர உறைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அட்டைகளைப் பின்னோக்கி விரித்துவைத்து இறுக்கமாக மடித்தால், மூடும்பொழுது உறை அட்டையை இழுத்து வளைத்துவிடும். முதுகுத் தையலும் தளரும்.

4. ஓரிரு மில்லிமீட்டர் தளர்ச்சி விடுக. வெயிலிலும் வெப்பத்திலும் பிளாஸ்டிக் தாள் தன் அளவில் மாறும். அதற்கு இடம் வேண்டும்.

5. பக்க மடிப்பு மேல் மடிப்பின்மீதும் கீழ் மடிப்பின்மீதும் படிந்திருக்கும் நான்கு மூலைகளில் மட்டும் சிறிய ஒட்டுநாடாத் துண்டுகளை ஒட்டுக. ஒட்டும்போது அட்டைக்கும் மடிப்புக்கும் இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகிவைத்து, பின் உருவிவிட்டால் நாடா தவறியும் அட்டையைத் தொடாது.

ஒட்டும் தாளைப் பற்றி

பின்புறத்தில் பசை தடவிய பிளாஸ்டிக் தாளும் உண்டு. அதனை நூலின்மீது நேராக ஒட்டிவிடுவது எளிது, அழகாகவும் தோன்றும். ஆனால், நாட்செல்லச் செல்ல அப்பசையின் பிடி இறுகும். உரிக்க முற்பட்டால் அட்டையின் மேற்பூச்சும் உடன் வரும். இரவல் நூலுக்கு இது ஆகாது.

பசைக்கும் தோட்டத்திற்கும் ஓர் உறவு உண்டு என்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒளிபுகும் ஒட்டுநாடாவின் பசை ரப்பர் கலந்தது. இன்றும் பலவகை நாடாக்களின் பசையில் இயற்கை ரப்பர் சேர்கின்றது. விடியற்காலை இருளில் மரம் சீவி எடுத்த பால், பசையாகிப் பள்ளி மேசைக்கும் வருவதுண்டு. காற்றும் ஒளியும் பட்டால் ரப்பர்ப் பசை மஞ்சளாகிக் காய்ந்துவிடும். பழைய நூல்களில் நாடா உதிர்ந்த இடத்தில் பழுப்புக் கறை காண்பது இதனாலேயே.

நமக்கே உரிய எழுத்தட்டை, கால அட்டவணை, வாய்பாட்டு அட்டை ஆகியவற்றிற்கு ஒட்டும் தாள் ஏற்றதாகும். அடித்தாளை ஒரேயடியாக உரித்தல் கூடாது. 5 சென்டிமீட்டர் அளவு உரித்து, துணி சுற்றிய அளவுகோலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, பின்பு மேலும் உரித்துச் செல்லுதல் வேண்டும். குமிழி தங்கினால் ஊசி முனையால் துளைத்துக் காற்றை வெளியேற்றி அழுத்துக.

இட்ட பின்னர்

தவணைக்கு ஒருமுறை உறையைக் கழற்றி, உள்ளே ஈரமோ பூஞ்சணமோ உண்டா எனப் பார்ப்பது நலம். எஞ்சிய துண்டுகளைச் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு அகற்றுக. தாள் மூக்கையும் வாயையும் மூடினால் உயிருக்கே ஊறு நேரும். குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டா. பி.வி.சி. எரிந்தால் கண்ணையும் மூச்சுக் குழலையும் எரிக்கும் அமிலப் புகை எழும்.

பெற்றோர்களே, உறை இடும் மாலைப்பொழுதில் பிள்ளைகளோடு நீங்களும் அமருங்கள். தாளை ஒருவர் பிடிக்க மற்றவர் மடிக்கட்டும். எழுதப் படிக்க வாய்ப்பில்லாது போன தாத்தாவும் பாட்டியும்கூடப் பேரப்பிள்ளையின் கல்விக்குத் தம் கையால் செய்யத்தக்க உதவி இது.

மாணவச் செல்வங்களே, ஆண்டின் இறுதியில் நீங்கள் திருப்பித் தரும் நூலைப் பெறுபவர் உங்களை அறியாதிருக்கலாம். எனினும், கிழியாத ஏடும் மடியாத மூலையும் கறைபடாத அட்டையும் உங்கள் பண்பை அவருக்கு எடுத்துரைக்கும். நம்மிலும் இளையோர்க்கு நாம் விட்டுச்செல்லும் நூல், நாம் பெற்றது போலவே நல்ல நிலையில் இருக்கட்டும்.