கை கழுவும் தொட்டியும் லோங்காங்கும்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா முதலிய ஊர்களில் நம்மவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் கை கழுவும் பேசின் இல்லாத கடை கிடையாது. வாடிக்கைக்காரர் கை கழுவுவதும் அதில்தான். லுஹர், அஸர் நேரங்களில் நாம் ஒளுச் செய்வதும் பெரும்பாலும் அதில்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் உடனே பதறுகிறோம். வந்த தண்ணீர் எப்படிப் போகிறது, எங்கே போகிறது என்று கவனிப்போர் சிலரே. அந்தப் போகும் வழியைப் பற்றியதே இப்பாடம்.

வளைவில் நிற்கும் தண்ணீர்

பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். குழாய் நேராகச் சுவருக்குள் போவதில்லை. கீழே இறங்கி, வளைந்து, மறுபடி சற்று மேலேறி, அதன் பிறகே சுவருக்குள் நுழைகிறது. சில கடைகளில் வளைவுக்குப் பதிலாகப் புட்டி போன்ற ஒரு கிண்ணம் இருக்கும். இதைக் குழாய்க்காரர் 'டிராப்' என்பார். இது அழுக்கைப் பிடிக்க வைத்ததென்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை அதுவன்று. அந்த வளைவில் 2 அல்லது 3 அங்குல ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரே பூட்டு. சாக்கடையின் துர்நாற்றம் அதைத் தாண்டிக் கடைக்குள் வர முடியாது. ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் பூட்டாக நின்றுவிடுகிறது. 1775ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்கு இத்தகைய வளைவை அமைத்து உரிமை பெற்றார். இரண்டரை நூற்றாண்டு சென்றும் அதைவிட எளிய வழி வரவில்லை.

பூட்டு திறந்துபோவது எப்படி?

இரண்டு விதமாகத் திறந்துபோகும். ஒன்று, காய்ந்துபோவது. நாம் ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கடையை அடைத்து வைத்தால் வளைவிலுள்ள நீர் ஆவியாகிவிடும். தரையில் உள்ள நீர்த்துளைகளுக்கும் இப்படியே பூட்டு உண்டு, அவையும் காயும். இதைச் சிறிய காரியமென்று எண்ண வேண்டாம். 2003ஆம் ஆண்டில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, குளியலறைத் தரைத்துளைகளின் வளைவுகள் காய்ந்து கிடந்தன என்பது. காற்றை வெளியேற்றும் விசிறி சுழன்றபோது சாக்கடைக் காற்று அவ்வழியே வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. ஒரு குவளைத் தண்ணீர் இல்லாததால் வந்த வினை!

மற்றொன்று, உறிஞ்சப்படுவது. ஒரே குழாயில் இரண்டு தொட்டிகள் சேர்ந்திருந்தால், ஒன்றில் நிறைந்த நீரைத் திறந்துவிடும்போது அது குழாயை அடைத்துக்கொண்டு ஓடி, மற்றதன் வளைவிலுள்ள நீரையும் பின்னாலேயே இழுத்துச் சென்றுவிடும். 'கொளக் கொளக்' என்று சத்தம் கேட்டால் இதுதான் என்று சந்தேகிக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் நீர் இப்படி வளைகுழாயில் ஏறி இழுபடும் தன்மையைக் கொண்டு பல விந்தைப் பாத்திரங்களைச் செய்தார்கள். அவர்களுக்கு விந்தையாக இருந்தது நமக்குக் கடையில் தொல்லையாகிறது. இதற்கு மருந்து, குழாயில் காற்றுப்போக்கு வைப்பதே.

சரிவும் கொழுப்பும்

பேசினிலிருந்து போகும் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் தேங்கி அழுக்குப் படியும். நம் கடற்கரைப் பகுதியோ தட்டையான பூமி. கடல் நீர் ஏறும் வேளையில் கரையோர மதகுகள் அடைபட, வாய்க்கால் நீர் நகராமல் நிற்கும். ஆகவே கடைக்குள்ளேயே சரிவைச் சரியாக வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

அடைப்புக்குப் பெரிய காரணம் கொழுப்பு. ஆட்டுக்கறிக் குழம்பு ஒட்டிய தட்டையும் சட்டியையும் சுடுநீர் ஊற்றிக் கழுவினால் எண்ணெய் கரைந்து போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் அது சற்றுத் தூரம் ஓடி, குழாய் குளிர்ந்த இடத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் சேர்ந்து கல்லாகும். உணவுக் கடைகளில் கொழுப்புத் தொட்டி வைக்கும்படி ஊராட்சி மன்றங்கள் சொல்வது இதனால்தான். அந்தத் தொட்டியில் நீர் மெதுவாகப் போவதால் எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும். அதை அவ்வப்போது அள்ளாவிட்டால் தொட்டி இருந்தும் இல்லாததே.

தண்ணீர் போய்ச் சேருமிடம்

பழைய கடைவீடுகளில் கழிப்பறை நீர் மலத்தொட்டிக்கோ பெருங்குழாய்க்கோ போகும். ஆனால் பேசின் நீர் பெரும்பாலும் நேரே வாசல் லோங்காங்குக்குத்தான் போகும். லோங்காங் ஆற்றில் சேரும். கோல குபு பாரு, பத்தாங் காலி, ரவாங் பக்கத்துக் கடைகளின் நீர் சிலாங்கூர் ஆற்றோடு வந்து, குடிநீர் எடுக்கும் இடங்களைக் கடக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கொட்டப்பட்ட தொழிற்சாலைக் கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. அது கடைக்காரர் செய்ததன்று. ஆனாலும் நம் லோங்காங்கும் அதே ஆற்றில்தான் சேருகிறது. ஆற்றின் கீழ்ப்புறத்திலோ கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழும் கரைமரங்களும், கோல சிலாங்கூர் மீனவர்களின் வலைகளும் இருக்கின்றன.

நீர்த்துறையிலும் மக்கள் நடக்கும் வழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நம் நபி நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏறக்குறைய இரு கை நிறைய அள்ளும் அளவான ஒரு முத்து நீரில் அவர்கள் ஒளுச் செய்ததாகவும் ஹதீஸ் உண்டு. நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளுச் செய்கிறோம். சட்டி எண்ணெயை லோங்காங்கில் ஊற்றுகிறோம். அண்டை வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவர் ஹக்கில் நாம் கை வைத்துவிட்டோம் என்றே பொருள்.

செய்ய வேண்டியவை

1. தட்டையும் சட்டியையும் முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுக. பழைய எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, வாங்குவோருக்கு விற்றுவிடுக.

2. பேசின் துளையில் சல்லடை மூடி வைக்க. கொழுப்புத் தொட்டியில் மிதப்பதைத் தவறாமல் அள்ளுக.

3. அடைத்தால் கீழே வாளி வைத்து, வளைவின் மரையைக் கையால் கழற்றிச் சுத்தம் செய்க. வாஷரைச் சரியாக உட்காரவைத்து மாட்டி, தண்ணீர் விட்டு, காய்ந்த காகிதத்தால் மூட்டைத் தொட்டு ஒழுக்குப் பார்க்க.

4. அடைப்பு மருந்துகளை ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. வெளுப்பு நீரும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். அது உயிருக்கே ஆபத்து.

5. ஊருக்குப் புறப்படும்போது சாவியை ஒப்படைக்கும் ஆளிடம், வாரம் ஒருமுறை எல்லாத் துளைகளிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் செல்க.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. கொஞ்சம் கவனமே வேண்டும். கடையின் முன்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் நாம், வாடிக்கைக்காரர் கண்ணுக்குப் படாத பின்புறத்தையும் அவ்வாறே வைத்திருப்போமாக. அதைப் பார்க்கிறவன் அல்லாஹ். அவன் நம் தொழிலில் பரக்கத்தையும் நம் ஊர்களுக்குச் சுத்தத்தையும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.