டிசம்பரில் பீரோவைத் திறவுங்கள்

ஆண்டுக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரங்கள், பாஸ்புக், பாலிசிகளை எடுத்துக்கொண்டு வீட்டாரோடு உட்காருங்கள். முதலில் நாமினி பெயரைப் பாருங்கள். வேலையில் சேர்ந்தபோது அப்பா பெயரைக் கொடுத்துவிட்டு, அவர் காலமான பிறகும் மாற்றாதவர்கள் ஏராளம். வங்கி டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால், வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பாளர்தான். உரிமை உயிலில் எழுதப்பட்டவருக்கு, உயில் இல்லையென்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு. பிள்ளைகளில் ஒருவரை மட்டும் நாமினியாக்கியிருந்தால், இதை எல்லோர் முன்னிலையிலும் இப்போதே சொல்லிவிடுங்கள். இது தெரியாமல் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. பதிந்து வைப்பது நல்லது என்பேன். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து அவசியம். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக்க வேண்டாம். இந்த வருடம் வீடு விற்றிருந்தாலோ, மனை வாங்கியிருந்தாலோ, பேரக்குழந்தை பிறந்திருந்தாலோ உயிலை மாற்றி எழுதுங்கள். புதிய உயிலில் தேதியும், பழையது ரத்து என்ற வரியும் இருக்கட்டும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள்.

உயில் எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பது இரண்டு பேருக்காவது தெரியட்டும்.