‘தொடரும்’ போட்டதோடு நின்ற தொடர்கள்: எதை நம்பி வாங்குவது?

விருத்தாசலத்தில் கொலுவுக்குப் பீங்கான் பொம்மை வாங்க வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள். தசாவதார செட் என்றால் மச்சத்திலிருந்து கல்கி வரை பத்தையும் எண்ணுவார்கள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, விளிம்பு உதிர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். அதே ஆட்கள் பழைய டிவி சீரியலின் சிடி செட்டைப் பார்த்தால் மட்டும் அட்டையில் இருக்கும் படத்தை நம்பிவிடுகிறார்கள். வீட்டில் போட்டால் முப்பதாவது எபிசோடோடு கதை அந்தரத்தில் நிற்கும். அடுத்த பாகம் வருமா என்று கடைக்காரரைக் கேட்டால் அவர் கையை விரிப்பார்.

பழைய சீரியல்களை முழுசாகத் திரும்பப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்று நாலைந்து வழிகள் உண்டு. எந்த வழி யாருக்கு ஒத்துவரும் என்பது, அந்த சீரியலில் குறை எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. செட்டில் ஒரு பொம்மை குறைந்தால் பட்டறைக்காரர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை எடுத்து, களிமண் கூழை ஊற்றி மறுபடி வார்த்துவிடுவார். அச்சே போய்விட்டால் எத்தனை ரூபாய் நீட்டினாலும் பொம்மை வராது. சீரியலுக்கு அச்சு என்பது மூல நாடா. நாடா பத்திரமாக இருந்தும் யாரும் வெளியிடாமல் விட்டவை ஒரு ரகம். நாடாவே அழிந்தவை வேறு ரகம். வெளிவந்தும் காட்சியோ பாட்டோ வெட்டுப்பட்டவை இன்னொரு ரகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

நாடா அழிந்தது நம்மூரில் மட்டும் நடந்த அநியாயம் இல்லை. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வது உலகம் முழுக்க வழக்கம். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1960களில் வந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் அப்படித்தான் காணாமல் போயின. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னை தூர்தர்ஷனின் ஆரம்பகால நாடகங்களைத் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

சிடி, டிவிடி செட்டுகள்

மோசர் பேர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, எல்லா சீரியலும் இனி அலமாரிக்கு வந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். கணக்குப் போட்டிருந்தால் அந்த ஆசை அன்றே விட்டுப்போயிருக்கும். திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை சன் டிவியில் 811 எபிசோடுகள் ஓடியது. விளம்பரத்தைக் கழித்து ஒரு எபிசோடுக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 270 மணி நேரம். ஒரு விசிடியில் மூன்று எபிசோடுதான் அடங்கும். ஆக, முழு செட்டுக்கு 271 விசிடி வேண்டும். அந்த மலிவு விலையிலேயே ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு சின்ன டிவியே வாங்கியிருக்கலாம். 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுகளைத் தாண்டிய ‘கோலங்கள்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். மெகா சீரியலுக்கு முழு டிஸ்க் செட் என்று யாராவது விற்றால், அது ஒன்று திருட்டுப் பதிப்பு, இல்லை படத்தைச் சுருக்கிச் சுருக்கி முகமே கலங்கிப்போன பதிப்பு. ஒரே டிவிடியில் ஐம்பது எபிசோடு என்று சொல்லும் அட்டையைக் கண்டால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை வந்த தொடர்களின் கதை வேறு. அவை டிஸ்கில் அடங்கும். ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 முதல் 1988 வரை 78 எபிசோடுகள். பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ 94. ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ 53. இப்படி எண்ணிக்கை தெரிந்த தொடர்களுக்கு டிஸ்க் செட் இன்றும் நல்ல தேர்வுதான். ஆனாலும் சூட்சுமம் உண்டு. லவ குசர் கதை ‘ராமாயண்’ செட்டில் இல்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது தனித் தொடராக வந்தது, தனியாகத்தான் வாங்க வேண்டும். ‘மால்குடி டேஸ்’ வாங்கினால் எந்த மால்குடி என்று கேளுங்கள். சங்கர் நாக் இயக்கியது 39 எபிசோடுகள். 2006இல் கவிதா லங்கேஷ் இயக்கியது 15. எல்.வைத்தியநாதனின் அந்த முகப்பு இசைக்காக ஏங்குகிறவர் கேட்பது முதல் 39ஐத்தான். ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். தொடக்க 13 எபிசோடுகள்தான் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் எடுக்கப்பட்டன.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. இன்று சந்தையில் கிடைக்கும் அதன் டிஸ்குகள் எல்லாம் பழைய சரக்கு. இரண்டாம் பாகம் விடுபட்டிருந்தால் யாரும் புதிதாக அச்சடித்துத் தரப்போவதில்லை. ஆகவே பாதி செட்டை ‘மீதி அப்புறம் கிடைக்கும்’ என்று வாங்குவது வீண். வாங்கும் முன் கடைசி டிஸ்கைக் கேட்டு வாங்கி, அதில் கடைசி எபிசோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் டிஸ்க் எல்லா செட்டிலும் நன்றாகத்தான் இருக்கும்.

யூடியூப்: யார் ஏற்றியது?

மெகா சீரியல் ரசிகருக்கு யூடியூப்தான் கதி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே தேடுவது என்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. சன் டிவியில் நெடுங்காலம் நடந்த ஏற்பாடு இது: தயாரிப்பாளர் அரை மணி நேரத்தைக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்வார், விளம்பரத்தைத் தானே விற்றுக்கொள்வார். சீரியலின் உரிமை பெரும்பாலும் அவரிடமே தங்கிவிடும். ஆகவே 1999 முதல் 2001 வரை வீடுகளைக் கட்டிப்போட்ட ‘சித்தி’யைத் தேடுகிறவர் ராதிகாவின் ராடான் சேனலில் தொடங்க வேண்டும். பாலசந்தரின் மின்பிம்பங்கள் எடுத்த தொடர்களுக்குக் கவிதாலயா சேனல். ‘நாதஸ்வரம்’ என்றால் திருமுருகனின் சொந்த சேனல். (2014இல் காரைக்குடியில் ஒரே ஷாட்டில் நேரலையாக வந்த ஆயிரமாவது எபிசோடுக்காகவே அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.) விஜய் டிவி மாதிரி சேனலே பணம் போட்டு எடுக்கவைத்த நிகழ்ச்சிகளின் உரிமை சேனலிடம் இருக்கும். அவற்றை அதன் ஓடிடியில்தான் தேட வேண்டும்.

உரிமை உள்ளவர் ஏற்றியது என்றால் வரிசை ஓரளவு ஒழுங்காக இருக்கும். மற்றவர்கள் ஏற்றியதில் என்னென்ன கோளாறு என்று சொல்லி மாளாது. கண்டுபிடித்து நீக்கிவிடக் கூடாது என்று படத்தை இடம் வலம் மாற்றியிருப்பார்கள். அதில் தாலி கட்டுகிறவர் இடக்கையால் கட்டுவார். பெட்டி டிவிக்கு எடுத்த படத்தை அகலத்திரைக்கு இழுத்திருப்பார்கள், எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், அப்பாவின் தலை இருக்காது. சினிமாப் பாட்டு வரும் இடத்தில் ஒலி திடீரென்று அற்றுப்போகும். பாட்டு உரிமைதான் காரணம். அமெரிக்காவில் ‘தி ஒன்டர் இயர்ஸ்’ தொடர் 1993இல் முடிந்தும் முழு டிவிடி செட் 2014 வரை வராததற்கும் அதில் நிறைந்திருந்த பாட்டுகளே காரணம். ‘லொள்ளு சபா’ மாதிரி சினிமாவையே கிண்டலடித்த நிகழ்ச்சியை, பாட்டையும் பின்னணி இசையையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதிச் சிரிப்பு போய்விடும். அப்படி ஊமையான பதிப்பைவிட, விளம்பரத்தோடு யாரோ டிவியிலிருந்து பதிவு செய்த மங்கலான பதிப்பே மேல் என்பது என் கட்சி.

ஒரு பிளேலிஸ்டை நம்பலாமா என்று பார்க்க, கடைசி எபிசோடைத் திறந்து சுபம் போடுகிறார்களா என்று பாருங்கள். பிறகு நடுவில் இரண்டு மூன்று இடங்களில், ஒரு எபிசோடின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒட்டிப் பாருங்கள். ‘பிரைவேட் வீடியோ’ என்று கறுப்புக் கட்டம் வந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வேறு இடத்தில் தேடுங்கள். ‘மர்மதேசம்’ தேடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரின் கீழ் ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என்று ஐந்து கதைகள் உண்டு. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் காணோம் என்று புலம்புகிறவர்கள், தனித்தனிப் பெயரில் தேடினாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஓடிடி

2017இல் வந்த சன் நெக்ஸ்ட், விஜய் டிவி நிகழ்ச்சிகளுக்கான ஜியோஹாட்ஸ்டார், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆகியவை இந்த ரகம். படம் தெளிவாக இருக்கும், வரிசை பிசகாது. ஆனால் பழைய தொடர் எதுவும் அங்கே நிரந்தரம் இல்லை. இன்று இருப்பது அடுத்த வருடம் இல்லாமல் போகலாம், போனால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரே ஒரு சீரியலுக்காக ஒரு வருடச் சந்தா கட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எபிசோடு பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்க முடிந்தால் பாருங்கள். முழுசாக இருந்தால் ஒரு மாதத்துக்குக் கட்டி, மழைக்காலத்தில் உட்கார்ந்து பார்த்து முடித்துவிடுங்கள். தூர்தர்ஷன் ரசிகர்களுக்கு வேவ்ஸும், பிரசார் பாரதியின் யூடியூப் சேனல்களும் முதலில் தட்ட வேண்டிய கதவுகள்.

பரண்மேல் கேசட்

நாடா அழிந்த தொடருக்கும், சேனல் வெளியே விடாத தொடருக்கும் மிஞ்சியிருப்பது வீட்டு விசிஆரில் பதிவு செய்தவைதான். நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீடுகளில் இன்னும் விஎச்எஸ் கேசட்டுகள் கிடக்கலாம். டொராண்டோ, லண்டன், பாரிஸ் தமிழ்க் கடைகளில் சீரியல்களைக் கேசட்டில் பதிவு செய்து வாடகைக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் அடித்தட்டுகளைத் தேடச் சொல்லுங்கள். கனடாவிலிருந்து வரும் கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் பதிவானதாக இருக்கும். பி.ஏ.எல். மட்டும் ஓடும் நம்மூர் விசிஆரில் படம் உருளும். மல்டி சிஸ்டம் விசிஆர் வைத்திருப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும் முன் கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் விசிஆரின் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் உற்பத்தியை நிறுத்தியதோடு புது இயந்திரத்துக்கு வழி அடைபட்டுவிட்டது. இருக்கும் இயந்திரங்கள் தேய்வதற்குள் மாற்றிக்கொள்வது நல்லது. ஸ்டுடியோக்காரர் டிவிடியில் எழுதித் தருகிறேன் என்பார். வேண்டாம், ஃபைலாக பென்டிரைவில் கேளுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். விளம்பரங்களை வெட்டச் சொல்லாதீர்கள். எபிசோடு எந்தத் தேதியில் வந்தது என்று கண்டுபிடிக்கச் சில சமயம் அந்தத் தீபாவளி ஜவுளி விளம்பரம்தான் துணை. நடுவே சில நிமிடம் படம் இல்லாமல் புள்ளி மழை பெய்தால் மின்வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊருக்கு பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்து அனுப்பும் விருத்தாசலத்திலும் கரண்ட் போகத்தான் செய்தது.

எதுவும் கிடைக்காவிட்டால் புத்தகக் கடை இருக்கிறது. ‘விடாது கருப்பு’ இந்திரா சௌந்தர்ராஜனின் நாவலாகக் கிடைக்கிறது. நடுவில் எபிசோடு காணாமல் போனால் அதில் நடந்ததைப் படித்துக்கொள்ளலாம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ ஆகியவையும் தூர்தர்ஷனில் வந்தவை, புத்தகமாகவும் கிடைப்பவை. சாம்புவாக நடித்த காத்தாடி ராமமூர்த்தியின் முகபாவத்தைப் புத்தகம் தராது என்று சொல்வீர்கள். சரிதான், கதையாவது முழுசாக இருக்கும்.

2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானையும் டோராவையும் தேடும் இளைஞர்களுக்கு மட்டும் புத்தகமும் உதவாது. வெளிநாட்டு டிஸ்க் செட்டுகளில் படம் முழுசாக இருந்தாலும் அந்தத் தமிழ்க் குரல் இருக்காது. அவர்கள் தேட வேண்டியது கணினியில் டிவி டியூனர் கார்டு போட்டு கேபிள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்த அண்ணன்மார்களின் பழைய ஹார்டு டிஸ்குகளை. அது கிடைத்தால் முதல் வேலையாகப் பிரதி எடுங்கள். அதன் பிறகு போட்டுப் பார்க்கலாம்.