ஜோலார்பேட்டைக்கும் புயல் வரும்: வீட்டுக்கான குறிப்புகள்

கடற்கரை நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் புயல் என்றால் கடலூர், சென்னைக்காரர்கள் பாடு என்று இங்கே பலரும் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே கரையேறிய நிவர், வலுக்குறைந்தபடி வட உள்மாவட்டங்களில்தான் நுழைந்தது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல், பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. நம் பக்கம் புயல் பெரும்பாலும் மழையாகத்தான் வருகிறது. அதற்கு ஏற்றபடிதான் வீட்டைத் தயார் செய்ய வேண்டும்.

1. "புயல் கரையைக் கடந்துவிட்டது" என்ற செய்தி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்காதீர்கள். நமக்கு ஆபத்தான நேரம் அதற்குப் பிந்திய ஒன்றிரண்டு நாள்தான். திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வானிலை எச்சரிக்கை என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள்.

2. எல்லாவற்றையும்விட முக்கியம் சுவர். 2021 நவம்பர் 19 அதிகாலை, பேரணாம்பட்டில் தொடர் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களில் குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். புயல் பலமாக வீசிய நேரத்தில் நடந்ததல்ல அது. மண்சுவர், பழைய செங்கல் சுவர், பூசாத காம்பவுண்டு சுவர் ஆகியவற்றை மழைக்கு முன்பே சுற்றி வந்து பாருங்கள். புதிய விரிசல், புடைப்பு, அடியில் மண் கரைவது, கதவு திடீரென இறுகுவது எல்லாம் எச்சரிக்கை. அப்படிப்பட்ட சுவரை ஒட்டிப் பாய் போடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவர் உயரமாக உங்கள் கூரைமேல் சாய்ந்தாற்போல் நின்றால், அன்றிரவு உறவினர் வீட்டிலோ பள்ளிக்கூட முகாமிலோ தங்குங்கள். இதில் கூச்சமே வேண்டாம். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் ஊறிய சுவர் விழும். இரண்டு மூன்று நாள் எச்சரிக்கை தேவை.

3. தகர ஷீட் மேல் அடுக்கிய கல், பழைய டயர், ஓட்டை வாளி எல்லாவற்றையும் இறக்குங்கள். காற்றில் அவைதான் முதலில் பறக்கும். மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்கை நிரப்பி வைத்தால் தண்ணீரும் இருக்கும், டேங்கும் நகராது. மாடியில் தண்ணீர் வடியும் குழாயில் அடைத்திருக்கும் இலை தழையை எடுத்துவிடுங்கள்.

4. 2019 ஜூலையில் ரயில் வேகன்களில் சென்னைக்கே தண்ணீர் அனுப்பிய ஊர் இது. ஆனாலும் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, குழாயும் வராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான குடிநீரை மூடி வையுங்கள்.

தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த நம் வட்டாரத்துக்கு என்று ஒரு விஷயம் உண்டு. கனமழையின்போது பாலாற்றில் கழிவுநீர் கலந்து நுரை பொங்குவதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் நன்கு அறிவார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது. வெள்ளம் புகுந்த கிணறு, போர் தண்ணீரைச் சோதனை செய்யாமல் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

5. வீட்டில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுப்பவர்கள் அந்தக் கட்டுகளை முதலில் பரண்மேல் ஏற்றுங்கள். நனைந்து கெட்டால் கூலியும் போய், கடனும் சேரும். தப்பித் தவறி நனைந்த தோலை வெயிலில் போடாதீர்கள், விறைத்து வெடிக்கும். துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விடுங்கள்.

6. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், ஈ.எஸ்.ஐ. அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். செல்போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. சுகர், பிரஷர் மாத்திரை குறைந்தது ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். பிரசவத் தேதி நெருங்கிய பெண்ணை மழைக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு அருகில் கொண்டுபோய் வைப்பது நல்லது.

8. அவல், பொரி, பொட்டுக்கடலை, கேழ்வரகு மாவு, வெல்லம்: அடுப்பே எரியாவிட்டாலும் பசியாற்றும் சாமான்கள்.

9. ரயில்பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்காதீர்கள். ஏலகிரி மலைப்பாதை, ஜலகாம்பாறை பக்கம் வேடிக்கை பார்க்கப் போவதும் வேண்டாம். அறுந்த மின்கம்பியைக் கண்டால் யாரையும் நெருங்க விடாமல் நிறுத்துங்கள்.

10. இனி மனசு. பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள், இரவு ஷிப்டில் இருப்பவர்கள் என்று நம் குடும்பங்கள் சிதறித்தான் இருக்கின்றன. பயத்தில் பாதி "எங்கே இருக்காங்களோ" என்பதுதான். எல்லோரும் ஒரே ஒருவருக்குத் தகவல் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். போன் கால் போகாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ரயில் நிலவரம் 139இல் கேட்கலாம்.

செய்தியைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, மழை வலுத்தால் கூடுதலாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய வெள்ள வீடியோக்கள் பயத்தை மட்டுமே வளர்க்கும், அனுப்பவும் வேண்டாம்.

குழந்தையிடம் "ஒண்ணும் ஆகாது" என்று மூடி மறைக்காதீர்கள். "பெரிய மழை வருது, நாம சேர்ந்தே இருப்போம், இதெல்லாம் தயாரா வெச்சிருக்கோம்" என்று சொல்லி, டார்ச்சைக் காக்கும் பொறுப்பை அதன் கையில் கொடுங்கள். ஒரு வேலை கிடைத்ததும் குழந்தை அடங்கும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். தாத்தா பாட்டி பேசாமல் உட்கார்ந்திருந்தால் தைரியமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரத்துக்குக் காபி கொடுத்து, பழைய மழைக் கதைகளைக் கேளுங்கள்.

குடித்தால் பயம் போகும் என்று நினைக்கும் ஆண்களுக்கு: வெள்ள ராத்திரியில் உங்கள் நிதானம் குடும்பத்துக்குத் தேவை.

11. தண்ணீர் வடிந்ததும், கழுவித் துடைப்பதற்கு முன் சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். மூலைமுடுக்கில் பாம்பு, தேள் இருக்கலாம். கம்பால் தட்டிவிட்டுக் கைவையுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம்.

12. அடுத்த மழைச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. சில நாளில் தானாகத் தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள். மனநல ஆலோசனை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இதோடு மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108, மின் புகாருக்கு மின்னகம் 94987 94987 எல்லாவற்றையும் செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், சமையலறைக் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சார்ஜ் தீர்ந்த ராத்திரியில் பக்கத்து வீட்டுப் போனிலாவது கூப்பிடலாம்.